நோயுற்ற மீனும் உப்பும் மருந்தும்

சென்ற ஆண்டின் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒரு நாட்காலை, எட்டாந் தரத்து மாணவன் ஒருவன் வாயகன்ற போத்தல் ஒன்றை இரு கைகளாலும் மார்போடணைத்தவாறு ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். போத்தலினுள்ளே ஒரு பொன்மீன். அதன் உடலெங்கும் ரவையைத் தூவினாற்போல வெண்புள்ளிகள் காணப்பட்டன. செட்டைகள் ஒடுங்கியிருந்தன. வாயை நீர்மட்டத்தில் வைத்து அது மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. "சேர், இதுக்கு உப்புப் போடச் சொல்றாங்க. போட்டா செத்துப் போயிருமா?" என்று அவன் கேட்டான். பின்னால் நின்ற மற்றொருவன், "கருவாட்டுக்குத்தாண்டா உப்பு" என்று கூறிச் சிரித்தான்.

சிரித்தவன் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. இறந்த மீனைக் கெடாமற் காக்க உப்பிடுவதை நாம் தலைமுறை தலைமுறையாக அறிவோம். உயிருள்ள மீனைக் காக்கவும் உப்பிடலாம் என்பது கேட்பார்க்கு முரணாகவே தோன்றும். ஆயினும் உப்பு மீனுக்கு நல்மருந்தே. எவ்வளவு இடுவது, எத்தனை நாள் இடுவது என்பவற்றிலேயே இடர்ப்பாடு தொடங்குகின்றது. மருந்துப் பொதியில் அச்சிடப்பட்டிருக்கும் அளவும் நாளும் வேறொரு நாட்டு நீரையும் வேறொரு வெப்பத்தையும் எண்ணி எழுதப்பட்டவை. மலைநாட்டில் வாழும் நாம் நமது நீருக்கும் நமது குளிருக்கும் ஏற்ப அவற்றை மீளக் கணித்துக்கொள்ள வேண்டியவர்களாய் உள்ளோம். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யான் விஞ்ஞானப் பட்டதாரி அல்லேன். ஆசிரியத் தொழிலில் இருந்தவாறே வெளிவாரியாகப் பயின்று கலைமாணிப் பட்டம் பெற்றவன். இத்துறையிற் புகுந்தமைக்குக் காரணம் கல்வியன்று, ஒரு பிழையே. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மகளுக்கு மூன்று பொன்மீன்கள் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரத்தில் அவற்றின்மேல் வெண்புள்ளி கண்டது. கடையில் வாங்கிய நீலமருந்தைப் பொதியிற் கண்டவாறே மூன்று நாள் இட்டேன். புள்ளிகள் மறைந்தன. மருத்துவன் என்ற பெருமிதத்தோடு நீரை மாற்றி மருந்தையும் நிறுத்திவிட்டேன். ஒன்பதாம் நாள் முன்னையினும் மும்மடங்காகப் புள்ளிகள் தோன்றின. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று மீன்களும் மாண்டன. "மருந்து போட்டீங்கதானே அப்பா?" என்று மகள் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. அவ்விடையைத் தேடி எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடமும் நூல்களிடமும் கற்றதையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் நமது நீரைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அவிசாவளையிலிருந்து ஹற்றன் நோக்கி ஏறும் பெருந்தெருவில் கித்துல்கலையைக் கடந்து மேலேறினால் வருவது கினிகத்தேனை. ஒருபுறம் வீழும் மழைநீர் களனி கங்கையையும், நாவலப்பிட்டிப் புறமாக வீழும் மழைநீர் மகாவலி கங்கையையும் சென்றடையும் நீர்பிரிமேட்டை அடுத்து எமது ஊர் அமைந்துளது. மழைக்குப் பெயர்பெற்ற வட்டவளையும் அயலிலேயே உண்டு. இங்குள்ள பாறை மிகப் பழமையான கடும்பாறையாகும், சுண்ணாம்புக்கல் அன்று. ஆதலின் பாறைவழிக் கசிந்து தோட்டத்துப் பீலியில் வந்து கொட்டும் நீரில் கரைந்துள்ள உப்புகளும் சுண்ணமும் மிகச் சொற்பம். சவர்க்காரம் எளிதில் நுரைக்கும் மென்னீர் அது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோ சுண்ணாம்புக்கற் படையினூடு ஊறி வருவது; கேத்தலின் அடியில் வெண்படிவு கட்டும் வன்னீர். இரண்டும் குடிநீரே. ஆயினும் மீனுக்கு இவை இரண்டும் இரு வேறு உலகங்கள்.

இவ்வேறுபாடு விளங்க வேண்டுமெனின் மீனின் உடலினுள் நிகழ்வதை அறிதல் வேண்டும். உலர்ந்த முந்திரிகை வற்றலை நீரில் இட்டால் அது உப்புகின்றது. மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் அது நீரைக் கக்குகின்றது. மெல்லிய தோலொன்றின் இருபுறமும் கரைசல்கள் இருப்பின், நீரானது கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் செல்லும் என்பதே இதன் காரணம். இதனைப் பாடநூல்கள் பிரசாரணம் என்று கூறும். நன்னீர் மீனின் குருதி ஏறத்தாழ இலீற்றருக்கு 9 கிராம் உப்புக்கு ஒப்பான செறிவுடையது. அது நீந்தும் பீலித்தண்ணீரிலோ இலீற்றருக்குப் பத்திலொரு கிராம் கரைபொருளுமில்லை. எனவே நீர் இரவு பகலாக மீனின் உடலுட் புகுந்துகொண்டேயிருக்கிறது. பொன்மீன் நீரைக் குடிக்க வேண்டியதில்லை. நீரே அதனைத் தேடிப் புகுகின்றது. புகுந்த நீரைச் சிறுநீரகங்கள் இடையறாது வெளியேற்ற வேண்டும். அவ்வாறு வெளியேறுகையில் இழக்கப்படும் உப்பை, நம்மவர் பூ என வழங்கும் செவுள்கள் புறநீரிலிருந்து வலிந்து மீட்டெடுக்க வேண்டும். இவ்விரு தொழிலுக்கும் மீன் தனது சக்தியிற் கணிசமான பங்கைச் செலவிடுகின்றது.

உடல்நலமுள்ள மீன் இதனைச் செவ்வனே செய்துகொள்ளும். ஒட்டுண்ணி தோலைத் துளைத்தாலும், செட்டை அழுகினாலும், பிடிக்கும்போது செதில் உரிந்தாலும் நிலைமை மாறுகின்றது. ஓட்டை விழுந்த ஓடத்தில் நீர் புகுவதுபோலப் புண்வழியே நீர் புகுகிறது; உப்பு வெளியேறுகின்றது. நோயினால் மடிந்ததாக நாம் எண்ணும் மீன்களுட் பல, உண்மையில் இந்நீரை இறைத்து இறைத்துக் களைத்தே மடிகின்றன. அப்போது நீரில் இலீற்றருக்கு 3 கிராம் உப்பைக் கரைப்போமாயின், உள்ளே 9, வெளியே 3 என்றாகி வேறுபாடு 6 ஆகச் சுருங்குகின்றது. மீனின் சுமையில் மூன்றிலொரு பங்கு இறங்குகிறது. உப்பு எந்த நோயையும் தீர்க்காத இடத்துங்கூட மீனுக்கு இளைப்பாறுதல் தருவது இதனாலேயே. கரைபொருள் குறைந்த மலைநாட்டு நீரில் இவ்வுதவியின் பெறுமதி பின்னும் பெரிது.

உப்பின் மற்றொரு பணி மிக நுட்பமானது. மீன் கழிக்கும் அமோனியாவை நீரிலும் வடிகட்டியிலும் வாழும் நுண்ணுயிர்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிதாக அமைத்த தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்குச் சில வாரங்கள் செல்லும்; குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். இடையில் நைத்திரைற்று மிகுந்தால், அது செவுள்வழி குருதியிற் புகுந்து ஒட்சிசனைத் தாங்கும் செந்நிறப் பொருளைக் கபில நிறமாக்கிப் பயனற்றதாக்கிவிடுகின்றது. நீரில் ஒட்சிசன் நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது. செவுளில் நைத்திரைற்று நுழையும் வாயிலும் குளோரைட்டு நுழையும் வாயிலும் ஒன்றே. குளோரைட்டு மிகுந்திருப்பின் நைத்திரைற்றுக்கு இடங்கிடையாது. நைத்திரைற்றைப் போலப் பத்து மடங்கு குளோரைட்டு இருத்தல் போதும் என்பர். கறியுப்பின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு குளோரைட்டே. இலீற்றருக்கு 2 மில்லிகிராம் நைத்திரைற்று உள்ள 45 இலீற்றர்த் தொட்டிக்கு வேண்டிய உப்பைக் கணித்தால் ஒன்றரைக் கிராம் என வரும். கால் தேக்கரண்டி உப்பு ஒரு தொட்டி மீனின் உயிரைக் காக்கும் என்பதை முதன்முதல் கணித்துப் பார்த்தபோது யான் வியந்தேன். கடலோரக் கிணற்று நீரில் இக்குளோரைட்டு இயல்பாகவே உண்டு. நமது பீலிநீரில் இல்லை.

ஆதலின் மீன் சோர்வுற்றால் மருந்துப் போத்தலைத் தேடுமுன் நீரை நோக்குதல் வேண்டும். எல்லா மீன்களும் ஒருங்கே நீர்மட்டத்தில் வாய்பிளந்து நிற்குமாயின், அது பெரும்பாலும் நீரின் குற்றமே. ஒரு மீன்மட்டும் ஒதுங்கி, உடலைக் கல்லில் உரசிக்கொண்டு, மேலே புள்ளியோ பஞ்சோ புண்ணோ காட்டுமாயின் அது நோயென்க. நீரின் குற்றத்துக்கு மருந்து நீரே. அதே வெப்பமுடைய, குளோரீன் நீங்கிய நீரால் மூன்றிலொரு பங்கை மாற்றி, உணவை இரண்டு நாள் நிறுத்துக. குழாய்நீராயின் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அல்லது காற்றுக் குமிழிட்டால் குளோரீன் அகலும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. மென்னீர் நாளடைவில் அமிலத்தன்மை எய்தும். அமில நீரில் அமோனியாவின் பெரும்பகுதி நஞ்சு குறைந்த அமோனிய அயன் வடிவிலேயே இருக்கும். இதனையறியாது, நீரைத் திருத்துவதாக எண்ணி அப்பச்சோடாவை ஒருகை அள்ளி இடுவோர் உளர். நீர் காரத்தன்மை பெற்றதும் அதுவரை அடங்கியிருந்த அமோனியா நஞ்சாக விழித்தெழும். காலையில் மீன்கள் மிதக்கும். முதலில் பழைய நீரைச் சிறிது சிறிதாக மாற்றிய பின்னரே அத்தகைய திருத்தங்களைச் செய்தல் தகும்.

இனி அளவுக்கு வருவோம். தொட்டியின் நீளம், அகலம், நீரின் ஆழம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 1000 ஆல் வகுத்தால் இலீற்றர் கிடைக்கும். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தொட்டியில் 25 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அது 45 இலீற்றர். கல்லும் மணலும் அடைத்துள்ள இடத்தை இதிற் கழித்துக்கொள்க. கணித பாடத்தில் கனவளவைப் பாராமுகமாகப் படிக்கும் பிள்ளைகள், மீனுக்காகக் கணிக்கும்போது ஒரு தசமத்தையும் பிழைவிடாமையை யான் கண்டிருக்கிறேன்.

இலீற்றருக்கு 1 கிராம் என்பது இளைப்பாறுதலுக்கும் நைத்திரைற்றுக்கும் உரிய அளவு. வெண்புள்ளி நோய்க்கு 3 கிராம் வேண்டும். பொன்மீனும் கொய் மீனும் 5 கிராம் வரை தாங்கும். மேற்கூறிய தொட்டிக்கு 3 கிராம் வீதம் 135 கிராம் உப்பாகும். அதனை ஒரேயடியாக இடாது மூன்று கூறாக்கி, முற்பகல் ஒன்று, மாலை ஒன்று, மறுநாட் காலை ஒன்று என, வேறு பாத்திரத்தில் நன்கு கரைத்து ஊற்றுதல் வேண்டும். உப்புக்கல் மீனின்மேல் நேரே பட்டால் தோல் வெந்துபோம். கரண்டியால் அளப்பதை எம்மூரில் நம்புதற்கில்லை. மட்டமான ஒரு தேக்கரண்டித் தூளுப்பு ஏறத்தாழ 6 கிராம் என்பர். ஆனால் மழைக்காலத்துக் கினிகத்தேனையில் உப்பு ஈரங்கோத்துக் கட்டியாகிவிடுகின்றது. கல்லுப்போ கரண்டியில் இடைவெளி விட்டு நிற்கும். பாடசாலை ஆய்வுகூடத் தராசோ கடைத் தராசோ கொண்டு நிறுப்பதே நன்று.

உப்பைப்பற்றி இரு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. அயடீன் கலந்த உப்பு மீனைக் கொல்லும் என்பது ஒன்று. கழலை நோயைத் தடுக்கும்பொருட்டு 1990களின் நடுப்பகுதி முதல் இலங்கையில் உணவுக்கு விற்கப்படும் உப்பில் அயடீன் சேர்க்கப்பட்டு வருகிறது. ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயடீன் இருப்பதாகக் கொண்டாலும், இலீற்றருக்கு 3 கிராம் இடும்போது நீரிற் சேர்வது 0.09 மில்லிகிராமே. இதனால் மீனுக்கு இடரில்லை. கல்லுப்புக் கிடைப்பின் நன்று. கிடையாவிடின் சமையலறை உப்பே போதும். நீர் ஆவியாகும்போது உப்பும் குறையும் என்பது மற்றைய தவறு. நீர் ஆவியாகப் போகும், உப்புப் போகாது. வற்றியதற்கு ஈடாக வெறும் நீரையே நிரப்புக. நீரை எடுத்து மாற்றும்போது மாத்திரம், எடுத்த நீருக்குரிய உப்பைச் சேர்க்க வேண்டும். 15 இலீற்றர் எடுத்தால் 45 கிராம். ஒவ்வொரு முறையும் முழுத் தொட்டிக்கும் உப்பிட்டு, மூன்றாம் வாரத்தில் தொட்டியைக் கடலாக்கியவர்களையும் யான் அறிவேன்.

சில மீன்கள் உப்பைப் பொறா. செதிலற்ற கெளிற்றினங்கள் அவற்றுள் முதன்மையானவை. நீர்த்தாவரங்களும் வாடும். ஆகையால் நோயுற்ற மீனைத் தனியே ஒரு பிளாஸ்ரிக் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை செய்தலே சிறந்தது எனலாம். ஆனால் வெண்புள்ளி நோய்க்கு இவ்விதி பொருந்தாது. அதன் காரணத்தைச் சற்று விரிவாகக் காண்பாம். என் மூன்று மீன்களும் இறந்த காரணமும் அதுவே.

வெண்புள்ளி நோயைத் தருவது ஒற்றைக் கலத்தாலான ஓர் ஒட்டுண்ணி. 1876 ஆம் ஆண்டில் ஃபூக்கே என்ற அறிஞர் அதற்கு இக்தியோப்திரியஸ் மல்ரிஃபிலியிஸ் என்று பெயரிட்டார். 'பல பிள்ளைகளைப் பெற்ற மீன்பேன்' என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமானதே. நாம் காணும் ஒவ்வொரு வெண்புள்ளியும் மீனின் மேற்றோலுக்கு அடியில் இருந்து உண்டு கொழுக்கும் ஓர் ஒட்டுண்ணி. தோல் அதற்குக் கவசம். உப்போ மருந்தோ அதனை அணுகமாட்டா. வளர்ந்தபின் அது தோலைக் கிழித்து வெளியேறி, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறையொன்றை அமைக்கின்றது. அவ்வுறையையும் மருந்து ஊடுருவாது. உறையினுள் அது பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகின்றது. சிலவேளை ஆயிரமும் ஆகும். குஞ்சுகள் வெளிப்பட்டு மீனைத் தேடி நீந்துகின்றன. இரண்டொரு நாளில் மீன் கிடையாவிடின் அவை மடியும். இந்நீந்துங் காலத்தில் மாத்திரமே உப்பும் மருந்தும் அவற்றைக் கொல்லவல்லன.

ஆகவே புள்ளி மறைந்தது என்றால் நோய் தீர்ந்தது என்பதன்று; ஒட்டுண்ணி மீனை விட்டிறங்கித் தொட்டியின் அடியிற் பிள்ளை பெறுகின்றது என்பதே பொருள். யான் மருந்தை நிறுத்தியது சரியாக அந்த வேளையிலேயே. நோயுற்ற மீனை மாத்திரம் பிரித்தெடுப்பதும் இதனாலேயே பயன்படாது. பழைய தொட்டியின் அடியில் உறைகள் கிடக்கும். எல்லா மீன்களுக்கும் ஒருங்கே சிகிச்சை வேண்டும். நீரை மாற்றும்போது அடிமண்ணை உறிஞ்சி எடுத்தல் உறைகளைக் குறைக்கும். தாவரங்களையும் கெளிற்றையும் வேறிடத்துக்கு மாற்றின், அங்கும் சில வாரம் கண்காணிக்க வேண்டும்.

எத்தனை நாள் என்பதே இனி வினா. இவ்வட்டம் முழுதும் ஒருமுறை சுழல, நீரின் வெப்பம் 24 முதல் 26 பாகை செல்சியஸ் வரை இருப்பின் மூன்று முதல் ஆறு நாள் செல்லும். 15 பாகையளவில் பத்து நாளுக்கு மேலாகும். 10 பாகையில் ஐந்து வாரமும் ஆகலாம். கொழும்பில் விற்கும் பொதியில் மூன்று நாள், ஐந்து நாள் என்றிருப்பது வெப்பமான தொட்டியை எண்ணியே. எங்கள் பாடசாலைத் தொட்டியில் மார்கழிக் காலைகளில் வெப்பமானி 20 பாகையைத் தாண்டுவதில்லை. நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பமே ஏறத்தாழ 16 பாகை. இங்கெல்லாம் ஒட்டுண்ணி மெல்ல வளர்கின்றது, மெல்ல இறங்குகின்றது, மெல்லப் பெருகுகின்றது. ஐந்து நாள் மருந்து அதற்கு ஒரு கண்ணிமைப்பு. ஆதலின் கினிகத்தேனை, ஹற்றன் போன்ற இடங்களில் கடைசிப் புள்ளி மறைந்த பின்னரும் இரண்டு வாரமேனும், நுவரெலியாவில் மூன்று நான்கு வாரமேனும் உப்புநீரில் மீனை வைத்திருத்தல் வேண்டும். மின்வெப்பமாக்கி உடையோர் நாளுக்கு ஓரிரு பாகையாக 28 பாகை வரை உயர்த்தினால் நாட்கள் சுருங்கும். வெந்நீரில் ஒட்சிசன் குறைவாதலின் காற்றுக்குழாயும் உடனிருக்க வேண்டும். கேத்தல் வெந்நீரை ஊற்றி வெப்பத்தை உயர்த்த முயல்வது கொலையே.

உப்புக்கு அடங்காத இடத்தில் மருந்து வருகின்றது. வீட்டு மீன்தொட்டியில் மிகப் பழக்கமானது மெதிலீன் நீலம். இச்சாயம் 1876 இல், வெண்புள்ளிக்குப் பெயர் கிடைத்த அதே ஆண்டில், யேர்மனியில் ஹைன்றிச் காரோ என்பவரால் ஆக்கப்பட்டது. துணிக்குச் சாயமாகப் பிறந்த அதனை 1891 இல் எர்லிஹ், குட்மன் என்னும் இருவர் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தனர். மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் செயற்கை மருந்துகளுள் அஃது ஒன்று. மீன்முட்டையில் பஞ்சுபோற் படரும் பங்கசுக்கும், மேற்றோலின் இலேசான தொற்றுக்கும், நைத்திரைற்றால் கபிலமான குருதியை மீட்பதற்கும் அது உதவும். இலீற்றருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் போதும். ஆயினும் அது வடிகட்டியின் நல்ல நுண்ணுயிர்களையும் பாதிக்கும். ஆதலின் தனித்தொட்டியிலேயே இடத்தக்கது. வடிகட்டியில் கரி இருப்பின் அதனை அகற்றுக. இன்றேல் கரியே மருந்தை உண்டுவிடும்.

மலக்கைற்றுப் பச்சை வெண்புள்ளிக்கு வலிய மருந்து. மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடும் என்ற ஐயத்தால் உணவுமீன்களில் அதனைப் பயன்படுத்தலைப் பல நாடுகள் தடைசெய்துள்ளன. கையுறையின்றித் தொடலாகாது, பிள்ளைகளிடம் கொடுக்கலாகாது. போமலினோடு கலந்து விற்கப்படுவது நீரின் ஒட்சிசனையும் குறைக்கும்.

செம்பு மருந்தைப்பற்றிச் சற்று அழுத்திக் கூற வேண்டியவனாயுள்ளேன். மயில்துத்தம் ஒட்டுண்ணிகளைக் கொல்லும் என்பது உண்மையே. தேயிலைத் தோட்டங்களில் செம்பு புதிய பொருளன்று. 1946 இல் தேயிலைக் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தபின், செம்புக் கலவைகளைத் தெளிப்பது தோட்டத் தொழிலின் ஒரு பகுதியாயிற்று. ஆகவே, "தோட்டத்து மருந்தில் ஒரு துளி" என்ற யோசனை நம்மிடை எளிதில் எழும். வன்னீரில் உள்ள காபனேற்றுகள் செம்பின் ஒரு பகுதியைப் பிணித்து அதன் நச்சைத் தணிக்கும். நமது மென்னீரில் அதனைப் பிணிக்க எதுவுமில்லை. யாழ்ப்பாணத்துத் தொட்டியில் மீனைக் குணப்படுத்தும் அளவே ஹற்றனில் அதன் செவுளை எரித்துவிடும். தெளிமருந்துப் பாத்திரத்தைக் கழுவிய வாளியில் மீன்நீர் எடுத்தாலும் கேடு விளையலாம். மலைநாட்டில் வீட்டுமீனுக்குச் செம்பு வேண்டவே வேண்டாம் என்பது என் துணிபு.

அதுபோலவே நுண்ணுயிர்க்கொல்லிகள். செட்டை அழுகியதும் வீட்டிலுள்ள ரெற்றாசைக்கிளின் கூட்டை உடைத்துத் தொட்டியிற் கொட்டும் வழக்கம் பரவியுள்ளது. நோய்க்கிருமியின் பெயரறியாது, அளவறியாது இடும் மருந்து, வடிகட்டியின் நுண்ணுயிர்களைக் கொன்று அமோனியாவைப் பெருக்கும். எஞ்சிப் பிழைக்கும் கிருமிகள் மருந்துக்கு அஞ்சாதவையாகும். அத்தொட்டியில் கையிட்டு அலம்புபவர் நம் பிள்ளைகளே. செட்டையழுகல் தொடக்கத்தில் இருந்தால் தூய நீரும் இலீற்றருக்கு 1 முதல் 3 கிராம் உப்புமே பெரும்பாலும் போதும். வயிறு வீங்கிச் செதில்கள் பலாக்காய் முள்போல நிமிர்ந்து நிற்கும் நோய்க்கும், ஆழ்ந்த புண்ணுக்கும் வீட்டு வைத்தியம் சொற்பமே உதவும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் நீர்வாழ் உயிர்களின் நோய்களைக் கற்றறிந்தோர் உளர். நாவலப்பிட்டி, கம்பளை வழியே அது நமக்குத் தொலைவன்று. பல மீன்களை வளர்த்து விற்று வாழ்வோர் அங்கு உசாவுதல் தகும்.

சிகிச்சை முடிந்த நீரையும் செத்த மீனையும் என்ன செய்வது? இதனைப் பலரும் எண்ணுவதில்லை. நமது ஓடைகள் வெறும் நீரோட்டங்களல்ல. செங்கறை பூசினாற்போன்ற 'லே திட்டயா' என்னும் சிறுகெண்டை களனிப் படுகையின் நிழல்படர்ந்த ஓடைகளில் வாழ்வது. 1929 இல் தெரணியகல அவர்கள் அதனை உலகுக்கு விவரித்தார். 1868 இல் குந்தர் விவரித்த 'புலத் ஹபயா' அதன் உறவுமுறை. இவை இரண்டும் இலங்கைக்கே உரியவை. உலகத்து மீன்தொட்டிகளுக்கெல்லாம் அழகு சேர்ப்பவை. தொட்டியிற் பிறந்த நோய் இவ்வோடைகளில் இறங்கினால் அங்கே உப்பிடுவாரில்லை. பாவம் பார்த்து நோயுற்ற மீனை ஓடையில் விடுவது அந்த மீனுக்கும் நன்றன்று, ஓடைக்கும் நன்றன்று. தொட்டிகளிலிருந்து தப்பிய தொட்டி துப்புரவாக்கி மீன் நம் நாட்டு நீர்நிலைகளிற் பெருகி மீனவர் வலைகளைக் கிழிப்பது யாவரும் அறிந்ததே. செத்த மீனை மண்ணிற் புதைக்க. உப்புநீரையும் மருந்துநீரையும் ஓடைக்கும் பீலிக்கும் விலகிய தரிசு மண்ணில் ஊற்றுக. பூச்செடிக்கு ஊற்றின் அது கருகும் என்பதையும் நினைவிற் கொள்க.

போத்தலோடு வந்த மாணவனின் மீனை அன்றே வாளியொன்றிற்கு மாற்றினோம். கொள்ளளவை அவனே கணித்தான்: 12 இலீற்றர். ஆய்வுகூடத் தராசில் 36 கிராம் உப்பை நிறுத்து, மூன்று பொட்டலமாக மடித்து, ஒன்றைக் கரைத்து ஊற்றினான். வீட்டிலிருந்த மற்றை இரு மீன்களுக்கும் அன்று மாலையே தொடங்குமாறு ஒரு தாளில் கணக்கிட்டுக் கொண்டு சென்றான். ஆறாம் நாள் புள்ளி மறைந்தது. "இனிப் போதுமா சேர்?" என்று கேட்டான். நாட்காட்டியில் மேலும் பதினான்கு நாளை எண்ணி வட்டமிட்டுக் கொடுத்தேன். கடைசி வட்டத்துக்கு மறுநாள் தொட்டி நீரில் மூன்றிலொரு பங்கை உப்பிடாமல் மாற்றினான்; நாலு நாள் கழித்து மீண்டும் ஒரு பங்கு. வாளி மீன் ஒடுங்கிய செட்டையை விரித்து இரை தேடிற்று. வீட்டு மீன்கள் இரண்டில் ஒன்று இறந்துவிட்டது. வாங்கும்போதே அதன் செவுள் கெட்டிருந்திருக்கலாம். மற்றையது பிழைத்தது. கருவாடென்று சிரித்த மாணவன் இப்பொழுது வீட்டில் இரண்டு மீன் வளர்க்கின்றான். சென்ற வாரம் வெப்பமானி இரவல் கேட்டு வந்தான்.